கொட்டையாகக் கேட்பவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்



கொடைக்கானல், வத்தலக்குண்டு, திண்டுக்கல் வட்டாரத்தில் காப்பித் தூள் விற்கும் கடைகளில் இப்போது ஒரு புதுக் குரல் கேட்கிறது. "அண்ணாச்சி, தூள் வேண்டாம். வறுத்த கொட்டையாகவே கொடுங்க. வீட்டு மிக்சியில அரைச்சுக்கிறோம்" என்கிறார்கள். கேட்பவர்களில் மலைக்கு வந்து திரும்பும் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள். உள்ளூர் ஆசிரியர்கள், பாங்கி ஊழியர்கள், புதிதாகக் குடித்தனம் வைத்த இளம் தம்பதிகள் இருக்கிறார்கள்.

நம் கடைக்காரர்களில் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். "கொட்டையா விக்கிறதில்லைங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர், "மிக்சியில் அரைத்தால் மோட்டார் போய்விடும், காப்பி கசந்துவிடும்" என்று பயமுறுத்தி, கையில் ஒரு தூள் பாக்கெட்டைத் திணித்து அனுப்புகிறார்கள். அரைக்கும் மெஷின் போட்டு முதலீடு செய்தவர்களுக்கு, இவர்கள் நம் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவர்களாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இந்தப் போக்கு தவறு என்பது நமது கருத்து. வீட்டில் அரைப்பவர் நமக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாடிக்கையாளர். அவரைப் பிடித்து வைத்துக்கொண்டால் சிறு கடைக்கும் வாழ்வு உண்டு. பழனி மலைக் காப்பிக்கும் பெயர் உண்டு. காப்பியும் மிளகும் மொத்தத்தில் வாங்கி விற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன அனுபவத்தில் இதைச் சொல்கிறோம்.

இது புதுப் பழக்கமா?

முதலில் ஒன்றை நினைவில் கொள்வோம். வீட்டில் காப்பி அரைப்பது தமிழ்நாட்டில் புதியது அன்று. நம் பெற்றோர் காலத்தில் வசதியுள்ள வீடுகளில் பச்சைக் கொட்டையை வாங்கி, இரும்புச் சட்டியில் வறுத்து, மேஜை ஓரத்தில் திருகு வைத்துப் பொருத்திய கை மெஷினில் சுற்றி அரைத்தார்கள். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே அரைத்தார்கள். பிறகு கடைத்தெருவில் கரண்ட் மெஷின்கள் வந்தன. வறுத்து, அரைத்து, சூட்டோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். கை மெஷின்கள் பரணுக்குப் போயின. அப்போது வீட்டு வேலை நம் கைக்கு வந்தது. இப்போது அதில் ஒரு பகுதி மறுபடி வீட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான்.

இடையில் நடந்த பெரிய மாறுதல் மிக்சி. வெளிநாட்டு பிளெண்டர்கள் பழச்சாறு அடிக்கச் செய்யப்பட்டவை. நம் வீட்டு மசாலாவுக்கும் சட்னிக்கும் அவை தாங்கவில்லை. மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், தம் வீட்டு வெளிநாட்டு மிக்சி எரிந்துபோனதைப் பார்த்து, நம் ஊர் அரைப்புக்கு ஏற்ற மோட்டாருடன் 'சுமீத்' மிக்சியைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் எத்தனையோ கம்பெனிகள் வந்துவிட்டன. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தின் மூலம் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மிக்சி போய்ச் சேர்ந்தது. தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பி பறிக்கும் தொழிலாளியின் வீட்டிலும் இன்று மிக்சி இருக்கிறது. அரைக்கும் கருவி வீட்டுக்கு வீடு இருக்கும்போது, 'அரைத்துத்தான் தருவோம்' என்று நாம் பிடிவாதம் பிடிப்பதில் பயன் இல்லை.

தூளுக்கும் கொட்டைக்கும் உள்ள வேறுபாடு

காப்பிக் கொட்டையை வறுக்கும்போது அதற்குள் கரியமில வாயு உண்டாகிறது. வறுத்த பிறகும் பல நாட்களுக்கு அது மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். சுடச்சுட வறுத்ததைக் காற்றுப் புகாமல் கட்டிய பை உப்பிக்கொள்வதற்கு இதுவே காரணம். வெளிநாட்டுப் பைகளில் வாயு வெளியே போகவும் காற்று உள்ளே வராமலும் ஒருவழி வால்வு வைப்பதும் இதற்காகத்தான். கொட்டை முழுசாக இருக்கும்வரை வாசனை எண்ணெயும் அதற்குள் பத்திரமாக இருக்கும். அரைத்த உடனே ஒரு கொட்டை ஆயிரக்கணக்கான துணுக்குகளாகி, எல்லாப் பக்கமும் காற்றுப் படுகிறது. வாசனை போக ஆரம்பித்துவிடுகிறது. அரைக்கும் கடையைத் தாண்டிப் போகும்போது தெருவே மணக்கிறதல்லவா? அந்த மணம் முழுவதும் வாடிக்கையாளரின் டம்ளருக்குப் போயிருக்க வேண்டியது.

நன்றாக மூடிய டப்பாவில் வறுத்த கொட்டை மூன்று நான்கு வாரம் வரை குணம் குறையாமல் இருக்கும். தூளுக்கு அந்த ஆயுள் கிடையாது. திறந்த பொட்டலத்தில் சில நாட்களிலேயே சப்பென்று ஆகிவிடும். சிக்கரி கலந்த தூள் என்றால் ஈரத்தையும் இழுக்கும். கொடைக்கானல் மூடுபனியில் சிக்கரி கலந்த தூளைச் சரியாக மூடாமல் வைத்தால் கட்டி தட்டிப்போவதை மலைக்கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. தூளில் எல்லாம் மறையும். கொட்டையில் எதுவும் மறையாது. உடைசல், கருப்பு, காய்த்துளைப்பான் பூச்சி குடைந்த ஓட்டை, சரியாக வறுபடாத வெளிர்க்கொட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கொட்டையோடு புளியங்கொட்டைத் தூளையோ வேறு எதையோ கலக்க முடியாது. நாணயமாக வியாபாரம் செய்பவர் இதற்குப் பயப்படத் தேவையில்லை. நாணயம் இல்லாதவரின் போட்டியிலிருந்து நம்மைக் காப்பாற்றுவதே இந்தக் கொட்டை வியாபாரம்தான்.

பெயர் கெடுவது எங்கே?

கொடைக்கானலுக்கு வரும் பயணிகளில் பலர் ஏரிக்கரையைச் சுற்றியே காப்பி விளைகிறது என்று நினைக்கிறார்கள். கொடைக்கானல் நகரம் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அந்தக் குளிரும் உறைபனியும் காப்பிச் செடிக்கு ஆகாது. நம் காப்பி விளைவது கீழ்மலையில். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்று அந்தப் பக்கம் முழுவதும் மரநிழலில் விளையும் அராபிகா. சவுக்கு மரத்திலும் கல்யாண முருங்கையிலும் மிளகுக் கொடி ஏறியிருக்கும், நடுவே மலைவாழை, பலா இருக்கும், கீழே காப்பி. பெரும்பாலும் சிறு விவசாயிகள். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே தாண்டிக்குடியில் இருக்கிறது. பட்டிவீரன்பட்டி பரம்பரையாகக் காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தி வணிகம் செய்த ஊர்.

இவ்வளவும் பக்கத்தில் இருக்க, மலையில் விற்கும் எல்லாப் பாக்கெட்டும் இந்த மலைக் காப்பிதானா? இல்லை என்பது நமக்கும் தெரியும்; இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து இறங்கும் வழியில் ஒரு பயணி எங்கள் கடைக்கு வந்து, மேலே ஏதோ ஒரு கடையில் வாங்கிய பாக்கெட்டைக் காட்டினார். 'சுத்தமான மலைக் காப்பி' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் சிக்கரி சதவீதம். ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் அதை ஒரு சிட்டிகை தூவிக் காட்டினோம். காப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். இறங்கியது. அந்த மனிதர் எந்தக் கடையையும் திட்டவில்லை. "கொடைக்கானல் காப்பியே இப்படித்தானா?" என்று கேட்டார். அதுதான் நமக்கு உறைத்தது. ஒரு கடைக்காரர் செய்ததற்கு ஒரு மலையின் பெயர் கெடுகிறது.

சிக்கரி விற்பது குற்றமில்லை. அதைச் சேர்த்தால்தான் டிகாக்ஷன் கெட்டியாகவும் நிறமாகவும் இருக்கும் என்று விரும்பிக் கேட்பவர்கள் ஏராளம். சட்டமும் அனுமதிக்கிறது. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; எத்தனை சதவீதம் காப்பி, எத்தனை சதவீதம் சிக்கரி என்பதைப் பாக்கெட்டில் எழுத வேண்டும் என்பதே விதி. சிக்கரியைச் சிக்கரி என்று சொல்லி விற்பது வியாபாரம். அதைச் சுத்தமான மலைக் காப்பி என்று சொல்லி விற்பது வேறு.

இப்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். 1975 ஜூலையில் பிரேசில் காப்பித் தோட்டங்களை உறைபனி அழித்தபோது உலகம் முழுவதும் விலை ஏறியதை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிப் போனது. விலை ஏறும்போதெல்லாம் கலப்படம் செய்பவனின் கை நீளும். அவனோடு விலையில் போட்டி போட்டு நாம் ஜெயிக்க முடியாது. கண்ணால் பார்த்து வாங்கும் கொட்டையைத் தட்டில் கொட்டிக் காட்டினால், அவன் நம்மோடு போட்டிக்கு வர முடியாது.

மலையின் பெயர் எப்படி மறைந்தது?

பழைய கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1942-ஆம் ஆண்டு காப்பிச் சட்டப்படி, விவசாயி தம் வீட்டுக்கு வைத்துக்கொள்வது போக, விளைந்த காப்பி முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் ஏலம் விடும். அங்கே எடுத்துத்தான் வியாபாரம். பிளாண்டேஷன் ஏ, பிளாண்டேஷன் பி, பீபரி, செர்ரி என்று தரப்பெயர் சொல்லிச் சரக்கு வரும். சில்லறைக் கடைவரை வரும்போது எந்த மலையில் விளைந்தது என்பது மறைந்துவிடும். வீட்டு வாசலில் விளையும் காப்பியை விவசாயியிடம் நேரே வாங்க நமக்கு வழியில்லாமல் இருந்தது. 1992 முதல் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தி, 1996-ல் முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யார் தோட்டத்துக் காப்பி என்று தெரிந்து வாங்க முடிகிறது. ஆனாலும் நம்மில் பலர் அதைக் கொண்டுவந்து, மற்ற ஊர்ச் சரக்கோடு கொட்டிக் கலந்து, அரைத்து, பெயரில்லாத தூளாக விற்கிறோம். முன்பு பெயரை மறைத்தது சட்டம். இப்போது மறைப்பது நம் பழக்கம்.

அடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2019-ல் கூர்க் அராபிகா, வயநாடு ரோபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா என்று ஐந்து காப்பிகள் புவிசார் குறியீடு பெற்றன. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. நம் பக்கத்தில் பழனி பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் விருப்பாட்சி மலைவாழையும் குறியீடு வாங்கியிருக்கின்றன. பூண்டைக் கையில் எடுத்துப் பார்த்து மலைப்பூண்டு என்று சொல்ல முடிகிறது. காப்பியைத் தூளாக மட்டுமே விற்றுக்கொண்டிருந்தால், எது பழனி மலைக் காப்பி என்று யாருக்குத் தெரியும்?

கீழ்மலை ஆரஞ்சு ஒரு காலத்தில் ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. நோய் வந்து தோட்டங்கள் அழிந்தன. இன்று பழைய ஆட்கள்தான் அதைப் பேசுகிறார்கள். அது நம் கையில் இல்லாத இழப்பு. காப்பியின் பெயர் போனால் அது நம் கையால் போனதாகத்தான் இருக்கும். பழுத்த சிவப்புப் பழமாகப் பார்த்துப் பறித்து, தோல் நீக்கி, கழுவி, களத்தில் பதமாகக் காயவைக்கும் விவசாயிக்கு ஆள் கூலி அதிகம். பச்சையும் பழமுமாக உருவிப் போடுபவருக்குக் கூலி குறைவு. இரண்டும் ஒரே தூளில் போய் விழுந்தால், முன்னவருக்குக் கூடுதல் விலை கொடுக்க நமக்கு எப்படி மனம் வரும்? கொட்டையாக விற்கும் கடைக்குச் சுத்தமான சரக்கு தேவைப்படும். அப்போது அதற்கான விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த விலை தாண்டிக்குடிக்கும் மங்களம்கொம்புக்கும் போய்ச் சேரும்.

லாபம் கட்டுமா?

இப்போது கல்லாப்பெட்டிக் கணக்குக்கு வருவோம். பேச்சு எவ்வளவு இனித்தாலும் கட்டுப்படியாகாத வியாபாரத்தை யாரும் செய்ய முடியாது.

'சிக்கரி சேர்ப்பதால்தான் தூளில் நாலு காசு நிற்கிறது. கொட்டையில் அது நிற்காதே' என்பது முதல் கேள்வி. உண்மைதான். ஆகவே கொட்டைக்குத் தூள் விலையைப் போடக் கூடாது. பச்சைக் கொட்டையை வறுத்தால் ஈரமும் மற்றதும் போய், கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை எடை குறையும். கணக்குக்காகப் பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வறுத்தபின் 820 கிராம் நின்றால், வறுத்த கொட்டை ஒரு கிலோவின் அடக்கம் 610 ரூபாய். அதன் மேல் வறுகூலி, எரிபொருள், பை, கழிவு, வரி, லாபம். பச்சைக் கொட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, வறுத்ததற்கு 5 சதவீதம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை ஒளிக்காமல் வாடிக்கையாளரிடம் சொன்னால், கொட்டை கேட்டு வருபவர் அந்த விலையைக் கொடுப்பார். அவர் மலிவு தேடி வந்தவர் இல்லை.

'அரைக்கும் மெஷின் சும்மா நிற்குமே' என்பது இரண்டாவது கேள்வி. நிற்காது. தூள் வாங்குபவர்கள்தான் இன்னும் பெரும்பாலோர். வயதானவர்களும் காலையில் நேரமில்லாதவர்களும் தூள்தான் கேட்பார்கள். ஹோட்டல்களுக்கும் தூள்தான் போகும். வறுப்பதை வீட்டில் செய்வது சுலபமில்லை. புகை, கமறல், பதம் தவறினால் கரி. மிக்சி எவ்வளவு வந்தாலும் வறுப்பு நம் கையில்தான் இருக்கும். வறுபதம் நன்றாக அமைந்த கடையை வீட்டில் அரைப்பவர் எளிதில் விடமாட்டார்.

மெஷின் இல்லாத சிறு மளிகைக் கடைக்காரருக்கு இது புது வாசல் என்பதையும் கவனிக்க வேண்டும். இதுவரை அவர் கம்பெனித் தூள் பாக்கெட்டுகளை வாங்கி, அவர்கள் கொடுக்கும் கமிஷனுக்கு விற்று வந்தார். இனி வறுப்பவரிடம் ஐந்து கிலோ கொட்டை வாங்கி, தராசும் டப்பாவும் வைத்துக்கொண்டு காப்பி வியாபாரம் செய்யலாம். மெஷின் முதலீடு வேண்டாம். அதற்கான கரண்ட் செலவும் வேண்டாம்.

மூன்றாவது, வரத்துப் போக்கு. தூள் வாங்குபவர் மாதச் சாமானோடு பெரிய அங்காடியில் ஒரு கிலோ பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்போது போனில் சொன்னாலே வீட்டுக்கு வருகிறது. கொட்டை வாங்குபவர் புதுசாக வறுத்தது வேண்டும் என்று பத்து நாளைக்கு ஒரு முறை கடை ஏறுவார். வரும்போது மிளகும் ஏலமும் வெல்லமும் வாங்குவார். பெரிய அங்காடியால் கொடுக்க முடியாதது, 'முந்தாநாள் வறுத்தது' என்ற ஒரு வார்த்தை. அது நம்மிடம் இருக்கிறது.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை

கொட்டையைக் கொடுத்துவிட்டு அரைக்கும் விதத்தைச் சொல்லாமல் அனுப்பினால், காப்பி சரியாக வராது. பழி நம் கொட்டை மேல் விழும். மிக்சியின் பிளேடு கொட்டையை வெட்டுகிறது. நம் மெஷினின் தட்டுகளைப்போல ஒரே சீராக நெரிப்பதில்லை. அதனால் ஒரு பகுதி மாவாகவும் ஒரு பகுதி கப்பியாகவும் வரும். மாவு அதிகமானால் பில்டர் அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் இறங்காது. கப்பி அதிகமானால் நீர்த்துப்போகும். இதைச் சமாளிக்கும் வழிகளை ஒவ்வொரு கடைக்காரரும் தெரிந்துவைத்துச் சொல்ல வேண்டும்:

1. சட்னி அரைக்கும் சின்ன ஜார்தான் ஏற்றது. அது எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். மசாலா வாசனை இருந்தால், ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுத் துடைத்தால் போகும். தினம் அரைப்பவர் காப்பிக்கென்று தனி ஜார் வைத்துக்கொள்வது நல்லது.

2. ஒரு தடவைக்கு 50 கிராம் போதும். ஜாரை நிரப்பக் கூடாது.

3. தொடர்ந்து ஓட்டக் கூடாது. ஐந்து ஐந்து நொடியாக விட்டு விட்டு ஓட்டி, நடுவே ஜாரைக் குலுக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடாகி மணம் போகும், மோட்டாருக்கும் கெடுதல்.

4. அரைத்ததைச் சல்லடையில் சலித்து, கப்பியை மட்டும் மறுபடி போட்டு ஓரிரு சுற்று விட வேண்டும். பில்டருக்குப் பொடி ரவை பதம் சரி. கையில் தேய்த்தால் மாவாக ஒட்டக் கூடாது.

5. சிக்கரி வேண்டுபவர் அதைத் தூளாகத் தனியே வாங்கி, அரைத்த பின் கலந்துகொள்ளலாம். எவ்வளவு என்பது அவர் விருப்பம். அவர் கையாலேயே கலக்கட்டும்.

6. இரண்டு மூன்று நாளைக்கு மேல் அரைத்து வைக்க வேண்டாம். கொட்டையை இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் அடுப்புச் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். பிரிட்ஜில் வைத்து அடிக்கடி எடுத்தால் வேர்த்து ஈரம் ஏறும்.

7. கொடைக்கானலில் குடித்த ருசி ஊருக்குப் போனால் இல்லை என்பார்கள் பயணிகள். குளிரும் பாலும் ஒரு காரணம். இன்னொரு காரணம், கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காப்பிச் சாறு இறங்க அது நல்ல சூடு. சமவெளியில் 100 டிகிரி. பொங்கப் பொங்க ஊற்றாமல், அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

கடையிலும் சில ஒழுங்கு வேண்டும். கொட்டை டப்பாவைப் பெருங்காயம், மிளகாய் வத்தல், சோப்பு இவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. காப்பி எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் விற்கக்கூடியதை மட்டும் வறுத்து வாங்க வேண்டும். வறுத்த தேதியைப் பையில் எழுத வேண்டும். தேதி கடந்ததை விலை குறைத்து, காரணம் சொல்லி விற்க வேண்டும். புதியதோடு கலக்கக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், டப்பா கொண்டுவரும் பழைய வழக்கத்தையும் திரும்பக் கொண்டுவரலாம். டப்பாவோடு வருபவருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் அவர் வேறு கடைக்குப் போகமாட்டார்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பழனி மலைக் காப்பியைக் கொட்டையாக விற்கும் கடைகள் எல்லாம் ஒரே மாதிரியான சீட்டு ஒட்டலாம். அதில் நான்கு செய்திகள் போதும்: எந்த ஊர்க் காப்பி, என்ன தரம், வறுத்த தேதி, கடையின் பெயர். பொய்ச் சீட்டு ஒட்டுபவரை முதலில் கூப்பிட்டுச் சொல்வோம். கேட்காவிட்டால் அந்தச் சீட்டைப் பயன்படுத்தும் உரிமையை எடுத்துவிடுவோம். கவர்மெண்டு வந்து செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தராசில் எடை குறைப்பவரை அந்தக் காலத்தில் கடைத்தெருவே ஒதுக்கிவைத்தது. எந்த அதிகாரியும் வரவில்லை.

விளைவிக்கும் விவசாயிகளோடும் பேச வேண்டும். நவம்பரில் பறிப்பு தொடங்கும் முன்பே, சிவப்புப் பழமாகப் பறித்துச் சுத்தமாகக் காயவைத்த சரக்குக்கு எவ்வளவு கூடுதல் விலை என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன விலையைச் சொன்ன நாளில் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஒரு வருஷம் பாடுபட்டவரை அடுத்த வருஷமும் பார்க்க வேண்டுமல்லவா?

வணிகப் பெருமக்களே! மிக்சியை வீட்டிலிருந்து யாரும் எடுக்க முடியாது. கொட்டை கேட்பவரை நாம் அனுப்பிவிட்டால் அவர் காப்பி குடிப்பதை நிறுத்திவிடப் போவதில்லை. சிக்மகளூரிலிருந்தோ கூர்க்கிலிருந்தோ தபாலில் வரவழைத்து அரைத்துக்கொள்வார். வத்தலக்குண்டிலிருந்து பார்த்தால் தெரியும் மலையில் காப்பி விளைய, அதன் அடிவாரத்து மனிதர் வேறு மாநிலக் காப்பியைத் தபாலில் வாங்கும் நிலை வரக் கூடாது. அடுத்த முறை ஒருவர் வந்து கொட்டையாகக் கேட்டால், உட்காரச் சொல்லுங்கள். ஒரு பிடி கொட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்து, நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஊர்க் காப்பி, என்றைக்கு வறுத்தது என்று சொல்லுங்கள். கால் கிலோ நிறுத்துக் கொடுங்கள். பத்தாம் நாள் அவர் மறுபடி வருவார்.